நான்காம் அத்தியாயத்தின் ஸ்வெட்டர் கை

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நாங்கள் தைப்பதை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் அளவுப் பட்டியலில் தப்பு இருந்து, அது தப்புதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டால், நாங்களே திருத்திக்கொள்வோம். கழுத்தளவைக் குழந்தையின் தலை நுழையாத அளவுக்குச் சின்னதாகப் போட்டிருப்பார்கள். கட்டிங் மாஸ்டர் அரை இஞ்ச் கூட்டி வெட்டிவிடுவார். மெயில் போட்டுக் கேட்டால் பதில் வர நாலு நாள் ஆகும். கேட்ட பாவத்துக்கு இன்னும் பத்துக் கேள்வி வரும். பையர் சட்டையைப் பார்ப்பார், பிரமாதம் என்பார். தன் பட்டியலில் தப்பு இருந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. திருப்பூரில் இருபத்திரண்டு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். அதாவது, பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. இப்படிச் சத்தமில்லாமல் நான் காப்பாற்றிய பையர்கள் எத்தனையோ பேர். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தை ஒரு புத்தகத்திலும் காட்டப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன்.

புத்தகம் என் கைக்கு வந்தது தற்செயலாக. தரம் பார்க்க வந்திருந்த ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, விமான நிலையத்துக்குப் போன கம்பெனி காரில் அதை மறந்து விட்டுவிட்டுப் போய்விட்டார். மெயில் போட்டேன். படித்தாகிவிட்டது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. மெல்லிசான புத்தகம். எழுதியவர் ஒரு குளிர் தேசத்துத் தத்துவப் பேராசிரியை, வயதானவர். அவர் எழுதியது அவருடைய மொழியில். எனக்குக் கிடைத்தது அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. தத்துவம் என்றால் இரண்டாம் பக்கத்தில் கொட்டாவி வரும் என்று நினைத்துக்கொண்டுதான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தேன். அன்றைக்குத் தயிர் சாதம் காய்ந்து போயிற்று.

புத்தகம் முழுக்க ஒரே விஷயம்தான். ஒரு மனிதர் இன்னொரு மனிதரை எப்படி நம்புகிறார்? ரயிலில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுந்து போகிறோமே, அந்தத் தைரியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருந்தார். பல் டாக்டர் முன்னால் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கிறோமே, அது என்ன சரணாகதி என்று கேட்டிருந்தார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. முகம் பார்த்திராத ஒருவர் மெயிலில் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு கண்டெய்னர் நிறைய பனியன் தைத்து அனுப்புகிற ஊர் எங்கள் ஊர். இத்தனை வருடம் அதைச் செய்துகொண்டு, ஒருநாளும் அதை ஒரு ஆச்சரியமாக நான் நினைத்ததில்லை. யாரோ ஒரு அம்மாள், பனி கொட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, என் வேலையைப் பற்றி என்னைவிட நன்றாக யோசித்திருக்கிறார் என்று தோன்றியது. பொறாமையாகக்கூட இருந்தது.

அவரைப் பற்றி இணையத்தில் தேடினேன். அவருடைய பதிப்பகத்தின் பக்கத்தில், இந்தப் புத்தகம் உலகம் முழுக்க எந்தெந்த மொழிகளில் வந்திருக்கிறது என்று அட்டைப்படங்களை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள், மேலிருந்து கீழாக எழுதும் மொழிகள், நான் பெயரே கேள்விப்படாத மொழிகள். எங்கள் ஊர்ச் சந்தைக்கு வருகிற கூட்டம்கூட அந்த மொழி பேச இருக்குமா என்று சந்தேகப்படும்படி ஒரு தீவின் மொழிகூட இருந்தது. தமிழ் இல்லை. மேலும் கீழுமாக மூன்று தடவை பார்த்தேன். இல்லவே இல்லை.

எனக்குக் கோபம் சட்டென்று வரும், அது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் மொழிபெயர்க்கத் தொடங்கினேன். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக பையர் ஆங்கிலத்தைத் தையல் மாஸ்டருக்குத் தமிழாக்கிச் சொல்லித்தானே பிழைக்கிறேன், ஒரு புத்தகம் முடியாதா என்ற திமிர். முதல் அத்தியாயத்தின் முதல் பக்கத்துக்கே ஐந்து வாரம் ஆனபோது திமிர் பாதி இறங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளும், மற்ற நாட்களில் குக்கர் விசில் வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் என்று மூன்று வருடம் போனது. நடுவில் கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பதிப்பாளர் கிடைத்தார். இரண்டு அத்தியாயம் படித்துவிட்டு, நான் போடுகிறேன், உரிமையை நான் எழுதிக் கேட்கிறேன், நீங்கள் வேலையை நிறுத்தாதீர்கள் என்றார். அந்த வரிசையில் கடைசியாக ஒரு தமிழ் அட்டை, அதற்குள் என் பெயர். ஆசையை எதற்கு மறைக்க வேண்டும்? ராத்திரி பகல் அதே நினைப்பாகத்தான் இருந்தேன்.

இந்த மூன்று வருடமும் என் மொழிபெயர்ப்பை வரிக்கு வரி படித்த ஆள் ஒருவர்தான். வீரபாண்டிப் பக்கம் காலர் யூனிட் வைத்திருக்கும் பாய். எங்கள் கம்பெனியின் டீ-ஷர்ட்களுக்குக் காலரும் கை முனையில் வரும் கைப்பட்டியும் அவருடைய ஷெட்டில்தான் பின்னப்படுகின்றன. என் வயதுதான் அவருக்கும். செவ்வாய்க்கிழமை தோறும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்கப் போவேன். ஒருநாள் என் பையிலிருந்து நழுவிய தாள்களை எடுத்தவர் நின்ற இடத்திலேயே இரண்டு பக்கம் படித்துவிட்டார். அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை என்றால் அவர் முதலில் கேட்பது டெலிவரி தேதியை அல்ல, அடுத்த அத்தியாயத்தை. பென்சிலை வைத்துக்கொண்டுதான் படிப்பார். பிடித்த வரிக்கு ஓரத்தில் ஒரு டிக். பிடிக்காத வரியைக் காட்டி, இது படிக்கையில மூச்சு வாங்குதுங்க மேடம் என்பார். எனக்கு ரோஷமாக இருக்கும். வாதாடுவேன். வீட்டுக்குப் போய் மாற்றிவிடுவேன்.

நான்காம் அத்தியாயம் பொய்யைப் பற்றியது. அதில் அந்த அம்மாள் தன் சின்ன வயதுச் சம்பவம் ஒன்றைச் சொல்லியிருந்தார். அம்மா கையால் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது, மணிக்கட்டுப் பக்கத்து நூல் ஒரு வேலி ஆணியில் மாட்டிக்கொண்டது. தெரியாமல் நடந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தால் ஸ்வெட்டரின் கை முழங்கைவரை பிரிந்துபோயிருந்தது. நம்பிக்கையும் இப்படித்தான் என்று அங்கிருந்து வாதத்தைத் தொடங்கியிருந்தார். ஒரு சின்னப் பொய் போதும், அது மாட்டிய இடத்திலிருந்து ஆரம்பித்து, கட்டிவைத்தது முழுவதும் பிரிந்துவிடும். உலகத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் இந்த ஸ்வெட்டரைப் பற்றித்தான் பேசினார்கள். சில மொழிகளில் அட்டைப்படமே பிரிந்த கம்பளி நூல்தான்.

அந்த அத்தியாயத்தைக் கொடுத்த அடுத்த செவ்வாய்க்கிழமை, பாய் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சங்கடமாக உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் ஒரு டிக்கும் இல்லை.

“ஏனுங்க மேடம், கைப்பட்டிப் பக்கமிருந்து இழுத்தா ஸ்வெட்டர் பிரியாதுங்களே,” என்றார்.

எதற்கு வாதாட வேண்டும் என்று அவர் மிஷினிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஒரு காலரை எடுத்து என் கையில் கொடுத்தார். காலரும் கைப்பட்டியும் ரிப் என்று நாங்கள் சொல்லும் பின்னலில் வருபவை. அதற்கு ஒரு குணம் உண்டு. பின்ன ஆரம்பித்த விளிம்பில் நூலை இழுத்தால் இறுகிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வராது. கடைசியாகப் பின்னி முடித்த விளிம்பில் இழுத்தால் சரசரவென்று முழுக்க வந்துவிடும். இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஸ்வெட்டர் கையை மணிக்கட்டில் ஆரம்பித்துத்தான் தோளுக்குப் பின்னிக்கொண்டு போவார்கள், அப்படியானால் மணிக்கட்டுப் பக்கம் ஆரம்ப விளிம்பு, அது பிரியவே பிரியாது என்றார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பனியன் ஊரில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் இது எனக்குத் தெரியவில்லை. நான் பிறந்தது சோமனூர். எங்கள் வீட்டில் தறி. தறித்துணியில் ஒரு நூலை உருவினால் அந்த ஒரு நூல்தான் வரும். பின்னல் துணியை நான் பார்த்ததெல்லாம் மெயில் வழியாகத்தான் என்று சமாளித்தேன். பாய் சிரித்தார்.

அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமுங்களா என்று அவர் அப்போதே கேட்டார். இதை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்தான் வேண்டாம் என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இத்தனை மொழிகளில் வந்த புத்தகம். எழுதியவர் தப்புச் செய்திருக்க மாட்டார், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆள்தான் மணிக்கட்டையும் தோளையும் குழப்பியிருப்பார் என்று நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் நூல் மாட்டிய இடத்தைத் தோள்பட்டைத் தையலுக்கு மாற்றினேன். அங்கிருந்து முழங்கைவரை கீழ்நோக்கிப் பிரிந்ததாக எழுதினேன். தோள்பட்டையில் எப்படி ஆணி மாட்டும் என்று வாசகர் கேட்கக்கூடாதே என்பதற்காக, தாழ்ந்த கிளை ஒன்று உரசியதாக ஒரு வரியும் சேர்த்தேன். கழுத்தளவில் அரை இஞ்ச் கூட்டுகிற அதே கை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

உரிமை கொடுக்க அந்த அம்மாளின் பதிப்பகம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. இரண்டு அத்தியாயங்களை மாதிரிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் ஊரில் தமிழ் தெரிந்த ஒருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் கையெழுத்து. சேம்பிள் அப்ரூவல் இல்லாமல் உற்பத்தி கிடையாது என்பது எனக்குப் பழகிய சட்டம்தான். எனக்கே பிடித்தமான ஒன்றாம் அத்தியாயத்தையும் நான்காம் அத்தியாயத்தையும் பதிப்பாளர் வழியாக அனுப்பினேன். அட்டைகூடத் தயாராக இருந்தது. புத்தகக் கண்காட்சிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று பதிப்பாளர் அறிவிப்பும் கொடுத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் அவர் ஃபோன் செய்தபோது நான் பேக்கிங் செக்‌ஷனில் நின்றுகொண்டிருந்தேன். சத்தத்தில் காதில் விழவில்லை. வெளியே வந்து பேசினேன். ஒப்பிட்டுப் பார்த்தவர் அறிக்கை கொடுத்துவிட்டாராம். தமிழ் நன்றாக இருக்கிறதாம். ஆனால் நான்காம் அத்தியாயத்தில் ஆசிரியரின் சொந்த வாழ்க்கைச் சம்பவத்தையே மொழிபெயர்ப்பாளர் மாற்றியிருக்கிறார், மூலத்தில் இல்லாத ஒரு மரக்கிளையையும் நட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாராம். ஆங்கிலத்தின் மேல் பழி போடவும் வழியில்லை. மூலத்திலேயே மணிக்கட்டுதான். அனுமதியை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் எழுத்தில் விளக்கம் தர வேண்டும், ஆசிரியரே படித்து முடிவு சொல்வார், அவர் வேண்டாம் என்றால் தமிழில் இந்தப் புத்தகம் இல்லை. பதிப்பாளர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முதலில் எழுதிய கடிதத்தை இப்போது படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நூலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்கிற மாதிரி ஒரு பக்கம். பதிப்பாளரிடம் காட்டினேன். இதை அனுப்பினால் நம் கதை முடிந்தது என்று மட்டும் சொன்னார். இரண்டாவது கடிதம் நேர்மாறாக, காலில் விழுகிற கடிதம். அதை நானே கிழித்தேன். பிறகு பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. என்னைக் குற்றம் சொல்லியிருக்கலாம். கேட்டுப்போடலாம் என்று அவர் சொன்னதுதானே. அதை அவர் ஞாபகப்படுத்தவே இல்லை.

“நானு வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கோணுமுங்க. உங்க மூணு வருச வேலைங்க மேடம்,” என்றார்.

அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. அவர் படித்துச் சொல்லியிருக்காவிட்டால் அந்த மொழிபெயர்ப்பில் பாதி வரிகள் மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும். தப்பு என்னுடையது, அதைச் சுமக்கிறவர் இவர். மிஷின் சத்தம் இருந்ததால் மூக்கை உறிஞ்சியது யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

மூன்றாவது கடிதம் சின்னது. காலர் பின்னுகிற நண்பர் ஒருவர் என் முதல் வாசகர், அவருக்கு வந்த சந்தேகம் இது. உங்களிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்காமல் மாற்றினேன். எங்கள் தொழிலில் பையரின் தப்பைச் சொல்லாமல் திருத்துவதை மரியாதை என்று நினைக்கிறோம். உங்கள் நினைவுக்கு அது மரியாதை இல்லை என்று இப்போது தெரிகிறது. மன்னியுங்கள். இத்துடன் இரண்டு காலர் அனுப்புகிறேன். சிவப்பு நூல் கட்டியிருக்கும் விளிம்பை முதலில் இழுத்துப் பாருங்கள், பிறகு நீல நூல் கட்டியதை. இவ்வளவுதான் எழுதினேன். பாய் வெள்ளைக் காலராக இரண்டு தேர்ந்தெடுத்து, ஓரம் வெட்டி, இஸ்திரி போட்டு, பையருக்குப் போகும் சேம்பிளைவிடச் சுத்தமாக மடித்துக் கொடுத்தார்.

பார்சல் போய்ச் சேர்ந்தது என்று தகவல் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். பதிப்பாளர் கண்காட்சிப் பட்டியலிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டார். என்னிடம் சொல்லத் தயங்கி, பட்டியலை அனுப்பினார். நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த நாட்களில் நான் வீட்டில் யாரோடும் ஒழுங்காகப் பேசவில்லை. ஃபேக்டரியில் ஒரு பட்டன் நிறம் மாறியதற்கு ஊரைக் கூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைத் துடைப்பேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஐந்தாம் அத்தியாயத்தை மறுபடி திருத்தினேன். வராத புத்தகத்துக்கு என்ன திருத்தம் என்று மனசு கேட்டது. அதற்கும் பதில் சொல்லாமல் திருத்தினேன்.

பதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. பதிப்பாளர் அப்படியே எனக்குத் திருப்பிவிட்டிருந்தார். படிக்கவில்லை, முதலில் நீங்கள் படியுங்கள் என்று ஒரு வரி. எனக்குத் தனியாகத் திறக்கத் தைரியமில்லை. ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு வீரபாண்டிக்கு வண்டியை விட்டேன். பாய் என் முகத்தைப் பார்த்ததும் பக்கத்திலிருந்த இரண்டு மிஷின்களை நிறுத்தச் சொன்னார். நூல் பெட்டிகள் மேல் உட்கார்ந்தோம். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மூன்று வருடம் மொழிபெயர்த்ததில் அவ்வளவு பயந்துகொண்டு மொழிபெயர்த்தது அதுதான்.

அந்த அம்மாள் காலர்களைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இழுத்துப் பார்த்தாராம். சிவப்பு வரவில்லை. பல்லால்கூட இழுத்தாராம். நீலம் வந்தது, வந்துகொண்டே இருந்தது, நிறுத்த மனமில்லாமல் காலர் முழுவதையும் பிரித்துக் குவித்துவிட்டாராம். முதலில் எங்கள் இருவர் மேலும் கோபம் வந்ததாம். எழுபது வருடமாகத் தன் ஞாபகத்தில் இருக்கும் ஒரு கையை, எங்கிருந்தோ இரண்டு பேர் பொய் என்கிறார்களே என்று. பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்து, வேறு ஊரில் இருக்கும் தங்கைக்கு ஃபோன் செய்திருக்கிறார். தங்கை சிரித்தாராம். நம் அம்மா மற்றவர்கள் மாதிரி பின்ன மாட்டாளே, தோளில் ஆரம்பித்துக் கீழே மணிக்கட்டுக்கு வருவாள், உனக்குத் தெரியாதா என்றாராம். பிள்ளைகள் வளர வளரக் கை குட்டையாகிவிடும். அப்போது மணிக்கட்டுப் பக்கம் பிரித்து, மேற்கொண்டு பின்னிக்கொள்ளலாம் அல்லவா, அதற்காக.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். பாய் தன் உள்ளங்கையில் ஒரு ஸ்வெட்டர் கையைப் பின்னிப் பார்ப்பதுபோல் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

“அப்ப கடைசியாப் பின்னுனது மணிக்கட்டுங்க. அது பிரியத்தானுங்க செய்யும். கைய எங்கிருந்து ஆரம்பிச்சாங்கன்னு நானு கேக்கவே இல்லீங்க பாருங்க,” என்றார்.

அவருடைய காலரும் சரி, அந்த அம்மாளின் ஞாபகமும் சரி. தப்பாக இருந்தது என் மரக்கிளை ஒன்றுதான். அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில் பாதி போயிற்று.

கடிதம் இன்னும் இருந்தது. நிபந்தனைகளை எண் போட்டு எழுதியிருந்தார். மணிக்கட்டை மணிக்கட்டாகவே வைக்க வேண்டும். கிளையை வெட்ட வேண்டும். இனி எதையும் கேட்காமல் மாற்றக்கூடாது. சந்தேகம் வந்தால் கேட்க வேண்டும், எத்தனை வந்தாலும் பதில் எழுதுவார். நான்காம் அத்தியாயத்தில் ஒரு அடிக்குறிப்பு சேர்க்க வேண்டும். அதில் காலர் பின்னும் நண்பரின் கேள்வியும் தன் பதிலும் வர வேண்டும். இவற்றுக்குச் சம்மதம் என்றால் தமிழ்ப் பதிப்புக்குத் தனக்கும் முழுச் சம்மதம். அந்த வரியை மட்டும் பாய் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு எனக்காக மூன்றாம் தடவையும் சொல்லிக்கொண்டேன்.

இத்தனை மொழிபெயர்ப்பாளர்கள் தன்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். ஒரு மரத்தின் பெயர், ஒரு பண்டிகை, ஒரு காற்புள்ளி. ஸ்வெட்டர் கையைப் பற்றி யாரும் கேட்டதில்லையாம். தானும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை, அது ஏன் அவ்வளவு சுலபமாகப் பிரிந்தது என்று. எல்லாம் அழிந்துபோவதற்கு உதாரணமாகத் தான் உலகம் முழுக்கக் காட்டிய இடம், தன் பெண் வளர்வாள் என்று நம்பி அம்மா விட்டுவைத்த இடம் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது என்று எழுதியிருந்தார். இதைத் தமிழில் சொல்லி முடித்துவிட்டு ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்தேன். பாய் என்னைப் பார்க்காமல் நிறுத்திவைத்த மிஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தொழில்காரருக்கே உரிய அவசரத்தோடு கேட்டார்.

“பிரிஞ்ச கைய என்ன பண்ணுனாங்களாமா? அதை எழுதலீங்களா?”

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. மூன்று வருடம் அந்தப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். அந்தக் கை பிரிந்ததோடு சரி, அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புத்தகத்தில் அது இல்லை. ஃபோனில் விரலைத் தள்ளினேன். கையெழுத்துக்கு மேலே நான் இன்னும் படிக்காத ஒரு பத்தி இருந்தது.

அன்று சாயங்காலமே அம்மா அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கையில் நின்றுபோயிருந்த கண்ணிகளை ஊசியில் எடுத்து, மறுபடி மணிக்கட்டுவரை பின்னிவிட்டாளாம். பழைய அளவுக்கு இல்லை. பெண் வளர்ந்திருந்தாள், அதனால் இரண்டு விரற்கடை கூடுதலாக. தங்கை சொன்ன பிறகுதான் இதெல்லாம் ஞாபகம் வந்ததாம். அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அதைத்தான் போட்டிருந்தாராம். புத்தகத்தில் இதை ஏன் விட்டோம் என்று தனக்குத் தெரியவில்லை; கெட்டுப்போனதைச் சொன்னால்தான் தத்துவம் மாதிரி இருக்கும் என்று புத்தகம் எழுதிய வயதில் நினைத்திருக்கலாம் என்று எழுதியிருந்தார். இதையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுங்கள் என்று முடித்திருந்தார்.

அடிக்குறிப்பில் கேள்வியைப் பாய் தன் கைப்படவே எழுதினார். நாலு வரிக்கு நாலு செவ்வாய்க்கிழமை எடுத்துக்கொண்டார். நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கேட்டுத்தான் ஒரு காற்புள்ளி வைத்தேன். புத்தகம் கண்காட்சிக்கு வரவில்லை, அதற்கடுத்த மாதம் வந்தது. பதிப்பகத்தின் பக்கத்தில் அட்டைகளின் வரிசையில் தமிழும் சேர்ந்துவிட்டது. அதை நான் எத்தனை தடவை போய்ப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். மற்ற மொழிகளின் அடுத்த பதிப்புகளில் அந்த அடிக்குறிப்பைத் தமிழிலிருந்து எடுத்துச் சேர்க்கச் சொல்லியிருக்கிறாராம். அது நடக்க வருடக்கணக்காகும். அதுவரை உலகம் முழுக்க அந்தக் கை முழங்கையோடு பிரிந்துதான் கிடக்கும். தமிழில் மட்டும் அன்று சாயங்காலமே பின்னி முடித்தாகிவிட்டது, இரண்டு விரற்கடை கூடுதலாக.